மாப்பிள்ளைக் காரும் மாற்று ஸ்டார்ட்டரும்

என்ஜின் ஓடாமல் நிற்கிற காரில் முன்விளக்கு இரண்டையும் எரியவிட்டால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறும் என்று கொஞ்ச நாள் மனமார நம்பியவன் நான். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் அது என் சொந்த விவகாரம். ராமநாதபுரம் கோர்ட்டு வராந்தாவில் சக வக்கீல்களுக்கும், ஜப்திக்குப் போகும் ஒரு அமீனாவுக்கும் அதை விளக்கியும் சொன்னேன். வக்கீல்கள் தலையாட்டினார்கள், அவர்களுக்குக் கார் கிடையாது. அமீனா மட்டும், "அப்ப விடிய விடிய எரியவிட்டா இன்னும் நல்லா ஏறுமே சார்" என்றார். கேலி செய்தாரா, கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்பது இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்கு நான், "ஏறும்" என்று பதில் சொன்னேன்.

யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் கார் அது. ஊரைவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து கைமாறிக் கைமாறி, இனி மாற்றிவிட ஆள் கிடைக்காத இடத்துக்கு, அதாவது என்னிடம், வந்து சேர்ந்தது. காரில் வந்து இறங்குகிற வக்கீலைத் தேடிக் கட்சிக்காரர்கள் தாமாக வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வரத்தான் செய்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் காரைத் தள்ளிவிட்ட பிறகுதான் கேஸைப் பற்றி வாயைத் திறக்க முடிந்தது.

தள்ள வேண்டியிருந்ததற்குக் காரணம், காரின் சொந்த ஸ்டார்ட்டர் மோட்டாரை நான் கொன்றுவிட்டிருந்ததுதான். ஒரு வலைத் தகராறு விஷயமாக மாரியூர் போனபோது கடலோர மணலில் சக்கரம் புதைந்துபோனது. என்ஜினும் கிளம்பவில்லை. கியரைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் அமுக்கினால் அந்த மோட்டாரின் பலத்திலேயே கார் ஊர்ந்து வெளியே வரும் என்று எங்கோ படித்திருந்தேன். படித்தது பொய்யில்லை, ஊர்ந்தது. எதுவரை அமுக்கலாம் என்று நூலாசிரியர் எழுதாததால் நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு புகை வந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வந்து, வள்ளத்தை இழுப்பதுபோல் குரல் கொடுத்துக் காரை இழுத்துவிட்டார்கள். "வக்கீலய்யா, இதுக்கு ஒரு பாயைக் கட்டுங்க. கச்சான் காத்து அடிச்சாத் தானா ராம்நாடு போயிரும்" என்றார் அவர்களில் ஒருவர்.

அதற்குப் பிறகு ஹாண்டில்தான். முன்னால் நின்று இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றவேண்டும். என்ஜினுக்குப் பிடிக்காவிட்டால் அது திருப்பி உதைக்கும். என் மணிக்கட்டு ஒரு தடவை வீங்கியதும் தள்ளுமுறைக்கு மாறினேன். நான் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தள்ளுகிற முறை.

இப்படியே காலம் போயிருக்கும். இடையில் என் மைத்துனர் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

மைத்துனர் என் மனைவிக்கு அண்ணன். மாப்பிள்ளை வீடு சிவகங்கைப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். அழைத்துவரக் காரோடு நான் போயிருந்தேன். எல்லாரும் ஏறி உட்கார்ந்ததும் கார் கிளம்பவில்லை. ஸ்டேஷனில் வேறு ஆள் இல்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். பட்டுக்கரை வேட்டி, முந்தின நாள் மழை, காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மனிதர் சேறு படிந்த கரையை மடித்துப் பிடித்துக்கொண்டு வந்து திரும்ப உட்கார்ந்தார். பேசியது மாப்பிள்ளையின் தாயார். "பொண்ணு வீட்டுல காரு இருக்குன்னு சொன்னாக. தள்ளுறதுக்கு நம்மளும் வேணும்னு சொல்லலையே!"

தாம்பூலம் மாற்றும்போது அந்த அம்மாளே ஒரு யோசனையும் சொன்னார். மாப்பிள்ளை அழைப்புக்கு அவர்களே மதுரையிலிருந்து கார் கொண்டுவந்துவிடுகிறார்களாம். நமக்கு எதற்குச் சிரமம் என்று கேட்கத் தோன்றும். எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தம் வேறு. மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து ஊர்வலமாக அழைத்துவர வண்டி அனுப்புவது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை தன் காரில் தானே வந்து இறங்கினால், பெண்ணைப் பெற்றவன் வாசலில் மாலையோடு நிற்பதைவிடக் கிணற்றுக்குள் நிற்கலாம்.

"மச்சான், அவுக கார்ல அவுக வந்தா நான் எந்த மொகத்தோட நிக்கிறது?" என்றார் மைத்துனர். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏண்ணே கலங்குறீக? எங்க வண்டிதான் வரும். ஒரு கை படாமக் கெளம்பும். நான் சொல்றேன்."

வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "அண்ணன் முன்னால வாக்குக் குடுத்துட்டேன். வண்டி கெளம்பலன்னா இனி நான் பொறந்த வீட்டுப் படி மிதிக்க ஏலாது. தீவாளி, பொங்கல், ஆடி எல்லாத்துக்கும் இங்கனயேதான் இருப்பேன். யோசிச்சுக்கங்க" என்றாள்.

யோசித்தேன். மறுநாளே மதுரைக்கு ரயிலேறினேன்.

யுத்தம் முடிந்ததும் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை மலைபோல் குவித்து வைத்து விற்கும் ஒரு பழைய இரும்புக்கடையில் அந்த ஸ்டார்ட்டர் கிடைத்தது. பச்சைப் பெயின்ட் அடித்த உருளை. பலாக்காயைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டியிருந்தது. எந்த வண்டியினுடையது என்று கேட்டேன். "பெரிய வண்டி" என்றார் கடைக்காரர். என் காருக்குச் சேருமா என்றேன். "மோட்டாருன்னா சுத்தும். சுத்துற மோட்டாரு எதுக்குத்தான் சேராது?" என்றார். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று அங்கேயே பட்டது. ஆனால் நானே கோர்ட்டில் இதைவிட ஓட்டையான வாதங்களோடு நிற்கிறவன். பிறர் ஓட்டையைச் சுட்டிக்காட்டக் கூச்சமாக இருந்தது.

மாட்டுவதற்கு ஒரு மெக்கானிக் பாய். தொண்டிக்காரர், கொழும்பில் பல வருஷம் மோட்டார் பட்டறையில் இருந்துவிட்டுத் திரும்பி, ராமநாதபுரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்தார். கொழும்பு என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது. "கொழும்புல இதெல்லாம் நாங்க கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்வோம்" என்றார். முடிவில் யோசித்துப் பார்த்தால், ராமநாதபுரத்திலும் நாங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் செய்தோம்.

கொல்லரிடம் ஒரு இரும்புப் பட்டை அடித்து வாங்கி, துளைகளை அரத்தால் அகலமாக்கி, பலாக்காயை அதன் இடத்தில் உட்கார வைத்தாயிற்று. பாட்டரியைக் கடையில் கொடுத்து முழுக்கச் சார்ஜ் ஏற்றியும் கொண்டுவந்தாயிற்று. இனி ஒயர். பாட்டரியின் ஒரு முனையிலிருந்து கட்டைவிரல் கனத்தில் ஒரு ஒயர் மோட்டாருக்கு. மறுமுனை காரின் இரும்பு உடம்போடு சேர்த்து முறுக்கியது. இவ்வளவுதான். பாய் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். நான் உள்ளே உட்கார்ந்து சுவிட்சை அமுக்கினேன். 'ஙொய்ய்ங்' என்று பெரிய சத்தம். என்ஜின் அசையவில்லை.

"சுத்துது சார். கவ்வ மாட்டேங்குது."

மோட்டாரின் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் உண்டு. சரியான பக்கம் சுற்றினால் அது திருகாணிபோல் முன்னே ஓடி என்ஜினின் பெரிய சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் இருந்த இடத்திலேயே கிடக்கும். பாய் இதைக் காருக்கு அடியிலிருந்து விளக்கி, "இது எதிர்ப்பக்கமாச் சுத்துது" என்று முடித்தார்.

என் முறை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் மோட்டார் சுற்றும் திசையும் மாறும். காலேஜில் படித்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியது. சீட்டைத் தூக்கி, பாட்டரி ஒயர்களைக் கழற்றி, இடம் மாற்றி முறுக்கினேன்.

"இப்ப பாருங்க பாய்!"

ஙொய்ய்ங்.

"அதே பக்கந்தான்."

"மாத்திட்டேனே!"

"நீங்க மாத்துனீக. அது மாறல."

பழையபடி மாற்றினேன். அதே பக்கம். பாய் நம்பாமல் எழுந்து வந்து தம் கையாலேயே மாற்றினார். அதே பக்கம். நான் அடியில் படுத்துக்கொள்ள அவர் அமுக்கினார். அப்போதும் அதே பக்கம். என் சட்டையில் கிரீஸ் விழுந்ததுதான் வித்தியாசம். எந்தக் கட்சி வக்கீல் குறுக்குவிசாரணை செய்தாலும் சொன்னதையே சொல்லும் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிச் சாட்சியை வைத்து நான் ஒரு கேஸும் ஜெயித்ததில்லை.

"கொழும்புல இப்படி ஆனதில்ல" என்றார் பாய். கொஞ்ச நேரம் பீடி பிடித்துவிட்டு ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். "இது பட்டாளத்துச் சாமான் சார். எதிரி கையில சிக்கினா அவன் என்னதான் மாத்திப் போட்டாலும் ஓடக்கூடாதுன்னு வெள்ளக்காரன் இப்படிச் செஞ்சிருப்பான்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட்டதுதான் எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

கடைசியில் மோட்டாரைக் கழற்றிப் பிரித்தோம். உள்ளே செம்புப் பட்டைகள், கரிக்கட்டிகள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்கும் கனத்த ஒயர் முனைகள். பாய் கரித்தூளைத் துடைத்து, முனைகளைச் சுத்தம் செய்யக் கழற்றிப் போட்டார். அதற்குள் லுஹருக்கு நேரமாகிவிட்டது. தொழுதுவிட்டு வருவதாகப் போனவர் திரும்பி வந்ததும், எந்த முனை எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டார். நானும் அதையேதான் அவரைக் கேட்க இருந்தேன்.

"இதுதான் மேல இருந்துச்சு" என்றார் அவர்.

"இல்ல பாய், அதுதான் மேல. என் கண்ணுலயே நிக்குது."

"எனக்கு இதுதான் ஞாபகம்."

"எனக்கு நல்லா ஞாபகம்."

பாய் பெருமூச்சு விட்டார். "சரி, ஒங்க வண்டி, ஒங்க ஞாபகம். அல்லா விட்ட வழி." நான் சொன்னபடியே சேர்த்து முறுக்கினார்.

அமுக்கினேன். 'கிர்ர்க்' என்று பல் கவ்வியது. என்ஜின் உயிர்த்தெழுந்து கொட்டகையை நீலப்புகையால் நிரப்பியது. பாய் கீழேயிருந்து, "மறுபக்கம் சுத்துது! மறுபக்கம்!" என்று கத்தினார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. ஏன் மறுபக்கம் சுற்றியது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தீர்ப்பு சாதகமாக வந்தபின் நீதிபதியிடம் காரணம் கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

அந்தச் சந்தோஷம் நடக்கும்போதே முன்னால் ஒரு சின்னப் பெட்டி புகைய ஆரம்பித்தது. ஓடும் என்ஜினிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற டைனமோ என்று ஒன்று உண்டு. அதைச் சேர்ந்த பெட்டி. பாய் ஓடிவந்து டைனமோ ஒயரை இழுத்துப் பிடுங்கினார். புகை நின்றது. அவர் தங்கை வீட்டு விசேஷத்துக்குத் தொண்டிக்குப் பஸ் பிடிக்கவேண்டியிருந்தது.

"வந்து பாத்துக்கிறேன் சார். பாட்டரியில இருக்கிறது கல்யாணத்துக்குப் போதும். ஆனா வெளக்க மட்டும் ரொம்பப் போடாதீக."

நான் அவர் சொன்னபடிதான் இருந்திருப்பேன். என்னைக் கெடுத்தது மீட்டர். டாஷ்போர்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் ஒரு முள். பாட்டரிக்கு மின்சாரம் ஏறினால் வலப்பக்கம் சாயும். பாட்டரியிலிருந்து இறங்கினால் இடப்பக்கம். அன்று மாலை வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முள் வலப்பக்கம் சாய்ந்தது! விளக்கை அணைத்தேன்; நடுவில் நின்றது. மறுபடி போட்டேன், வலப்பக்கம்.

டைனமோ இல்லாமல் எங்கிருந்து ஏறுகிறது? ஒன்றும் படிக்காதவனாக இருந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று விட்டிருப்பேன். மோட்டாரும் டைனமோவும் அடிப்படையில் ஒரே யந்திரம்தான் என்று நான் படித்திருந்தேன். ஆகவே அந்த ராணுவப் பலாக்காய், ஸ்டார்ட் செய்கிற வேலை இல்லாத நேரத்தில், டைனமோவாகவும் இருந்து பாட்டரியை நிரப்புகிறது. சுற்றாமல் சும்மா கிடக்கும்போதுமா என்ற கேள்வி எனக்கும் தோன்றியது. ராணுவம் சும்மா இருக்கும்போதும் அதற்குச் செலவு செய்வதில்லையா என்று பதிலும் தோன்றியது. அந்தப் பதிலுக்கும் கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்குப் புரியவில்லை. அன்றைக்கு நன்றாகப் புரிந்தது.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் காரை நிறுத்தி மல்லிகைச் சரத்தால் மூடியிருந்தார்கள். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டாரெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஹாண்டிலை நான் வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதை எடுத்துவருவது என் மனைவியின் வாக்கை அவமதிப்பதுபோல இருந்தது. அவள் பெண்கள் கூட்டத்தில் தட்டோடு நின்றாள். நான் அமுக்கினேன்.

கிர்ர்க். என்ஜின் கிளம்பியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"பரவால்லையே!" என்றார் மாப்பிள்ளையின் தாயார். என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. நிமிர்ந்து நடந்து, மற்றப் பெண்களோடு முன்னதாகவே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள், வாசலில் ஆலம் சுற்ற.

ஊர்வலம் ஆமைபோல் நகர்ந்தது. பாதி வழியில் முச்சந்தி வந்தது. நாதஸ்வரக்காரர் நின்று நிதானமாக ஒரு ராகத்தை எடுத்தார். தவில்காரர் அவரை விடுவதாக இல்லை. என்ஜின் சூடேறி ஆவி விட்டதால் அணைத்தேன். விளக்கை அணைக்கவில்லை. இருட்டத் தொடங்கியிருந்தது, அந்த வெளிச்சத்தில் வாசிப்பவர்களும் மாப்பிள்ளை வீட்டாரும் நன்றாக எடுப்பாகத் தெரிந்தார்கள். முள்ளும் வலப்பக்கம் திடமாக நின்றது.

பட்டுக்கரை வேட்டி நனைந்த அதே தாய்மாமன் ஜன்னலருகே குனிந்தார். "எஞ்சின நிறுத்திட்டீக, வெளக்கு எரியுதே. பாட்டரி எறங்கிறாதா?"

"இறங்காது. ஏறுது" என்று முள்ளைக் காட்டி, என் கொள்கையை அவருக்கு முழுவதும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். "அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனார்.

ராகம் முடிவதற்குள் விளக்கு மஞ்சளாகி, பிறகு பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஊர்வலம் நகர்ந்தது. அமுக்கினேன். 'டொக்.' மறுபடி அமுக்கினேன். அந்த 'டொக்'கும் இல்லை. முள் மட்டும், இன்னும் ஏறுகிறது என்று லேசாகச் சாய்ந்து காட்டிக்கொண்டிருந்தது.

"நான் வேணும்னா எறங்கிக்கிறட்டா?" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"ஐயையோ, எறங்காதீங்க!" என்றேன். பாதி வழியில் மாப்பிள்ளை இறங்கி நடந்தால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஊர் பேரன் பேத்தி எடுக்கும்வரை பேசும். எனக்கு ஆடி, தீபாவளி, பொங்கல் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

"வெளக்க அணைங்க" என்று தாய்மாமன் குரல் கேட்டது. அணைத்தேன். "ஏலே, வாங்கடா." வாட்டசாட்டமான ஆட்கள் சிலர், கூட்டத்திலிருந்து ஏற்கெனவே வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து பின்னால் கைவைத்தார்கள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது விடுவது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிப் படார் என்று வெடித்துக் கிளம்பியது. வாணவேடிக்கை தொடங்கிவிட்டது என்று சிலர் வானத்தைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் முன் அந்த ஆட்கள் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். வாசலில் மாலையோடு நின்ற என் மைத்துனரும் தட்டோடு நின்ற என் மனைவியும் கண்டது, தன்னால் ஓடிவந்து நின்ற கார். மாப்பிள்ளையின் தாயார் முச்சந்தியில் நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தம்பி, அதாவது அந்தத் தாய்மாமன், "சும்மா இரு அக்கா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

நடந்தது என்ன என்பது பிறகு சில்லறை சில்லறையாகத் தெரிந்தது. தொண்டியிலிருந்து திரும்பிய பாய் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். நாங்கள் மாற்றி மாற்றிப் போட்ட பாட்டரி ஒயர்கள் கடைசியாக மாற்றிப் போட்ட நிலையிலேயே நின்றுபோயிருந்தன. அதனால்தான் டைனமோப் பெட்டி புகைந்திருக்கிறது; முள்ளும் தலைகீழாகக் காட்டியிருக்கிறது, இறங்கினால் வலப்பக்கம். மோட்டார் சமாசாரத்தை ரயிலில் கூட வந்த ஒரு இன்ஜினீயர் விளக்கினார். அந்த ஜாதி மோட்டார் பாட்டரியை எப்படி மாற்றினாலும் ஒரே பக்கம்தான் சுற்றுமாம்; உள்ளே இருக்கிற முனைகளை மாற்றினால்தான் திசை மாறுமாம். அதாவது அன்று கொட்டகையில் பாயின் ஞாபகம்தான் சரி. என் ஞாபகம் தப்பு. தப்பாக இருந்ததால்தான் கார் கிளம்பியது. ஏன் அப்படி என்று படம் போட்டும் காட்டினார். மானாமதுரையில் அவர் இறங்கிப் போனதும் விளக்கமும் கூடவே இறங்கிப்போய்விட்டது.

இதெல்லாம் தெரியாத நிலையில், மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் அந்தத் தாய்மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த இலை வரிசையில் என் மனைவி தன் அண்ணியிடம், "ஒரு கை படல, பாத்தீகள்ல?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தாழ்த்தி, நல்ல வேளை அந்த ஆட்கள் கூட்டத்தில் இருந்தார்கள், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும் என்று அவருக்கு நன்றி சொன்னேன்.

அவர் பாயசத்தை உறிஞ்சி முடித்தார்.

"கூட்டத்துல இருந்தாகளா? நல்லாருக்கே! ஒங்க வண்டியத் தள்ளுறதுக்குன்னே ரெண்டு பயலுகள எங்க ஊர்லருந்து ரயிலேத்திக் கூட்டியாந்தேன், சம்பந்தி. நீங்க புதுசா ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கீகன்னு கேள்விப்பட்டதும் இன்னொருத்தனையும் சேத்துக்கிட்டேன்."